இரவு உணவுக்குப் பின், சுண்டைக்காய் அளவு

1. இரண்டு விரல்களில் ஒரு டப்பா

காலையில் ஷிப்டு மாறும் நேரம். நைட் ஷிப்டு முடித்து வெளியேறுகிறவர்களின் பைகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி ஏகாம்பரம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டே விரல்களால் பிடித்தபடி முதலுதவி அறைக்குள் வந்தார். செத்த எலியைத் தூக்கி வருகிறவரின் முகம் அவருக்கு.

“சார், இத்த கொஞ்சம் பட்ச்சிப் பாரு. வயர் பிட்டு எத்னாச்சும் கீதான்னு பையத் தொறந்தா இது கீது. லேகியம்னு சொல்லுது அந்தப் பொண்ணு. மேல கஞ்சான்னு போட்டுக்கீதே சார்!”

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மூலிகைகளின் நீண்ட வரிசைக்கு நடுவே ‘சுத்தி செய்த கஞ்சா இலை’ என்று சிற்றெழுத்தில் இருந்தது. தயாரித்த நிறுவனத்தின் உரிம எண்ணும் இருந்தது.

“இது லைசென்ஸ் வாங்கிச் செய்யுற சித்த மருந்துங்க. டாக்டர் எழுதிக் குடுத்துத்தான் வாங்கியிருப்பாங்க.”

“மருந்தோ மாயமோ, நான் பர்சனல் ஆபீசுக்குப் போன் போட்டுட்டேன் சார். மறைச்சேன்னு தெரிஞ்சா என் வேல பூடும்.”

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, கார்களுக்கான வயரிங் ஹார்னஸ் செய்யும் ஒரு தொழிற்சாலை அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் அதன் முதலுதவி அறையில் நான் மருந்தாளுநராக இருந்தேன். டப்பாவுக்கு உரியவர் வடக்குப்பட்டுத் தனலட்சுமி. அசெம்பிளி போர்டில் வயர்களை நிறம் பார்த்துப் பின்னிக் கட்டும் வேலை அவருக்கு. இன்னும் டிரெய்னி. குடும்பத்தின் விளைநிலம் தொழிற்சாலை நிலமாகிவிட்ட பிறகு, அந்த வீட்டில் வேலை என்று இருந்தது இவருடையது மட்டுமே. பணி நிரந்தரம் செய்யும் கமிட்டி கூடவிருந்த மாதம் அது. அந்த நேரத்தில்தான் கஞ்சா என்ற அந்தச் சொல் அவர் பையிலிருந்து வெளியே வந்தது.

2. எங்கே வலிக்கிறது?

அதற்குப் பல மாதங்களுக்கு முன்பு அவர் முதன்முதலாக முதலுதவி அறைக்கு வந்தபோது, எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

“எங்க வலிக்குது?”

“எங்க வலிக்கலன்னு கேளு சார், சீக்கிரம் சொல்லிட்லாம்.”

தோள், கழுத்து, முழங்கை, இடுப்பு, முழங்கால். ஒரு நாள் ஓரிடம், மறுநாள் வேறிடம். தூங்கி எழுந்தாலும் தூங்காதவரைப் போன்ற களைப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. கண்ணுக்குத் தெரியாத வலியை நம்புவதற்கு ஒரு தொழிற்சாலையில் எவருக்கும் நேரம் இருப்பதில்லை. லைன் சூப்பர்வைசர் குணசேகரன் நல்லவர்தான். ஆனால் அவருடைய நாக்கு அவருக்கும் முன்னால் நடக்கும்.

“இன்னாம்மா தனம், இன்னிக்கு எந்த பார்ட்டு நோவு? ஸ்பேர் போட்டுக் கழட்டி மாட்டிட்லாமா?”

எங்கள் தொழிற்சாலைக்கு வாரத்தில் இரு நாள் மறைமலை நகரிலிருந்து வரும் டாக்டர் சாந்தகுமார்தான் அந்த வலிக்கு ஒரு பெயர் கொடுத்தார். தனலட்சுமியின் உடலில் குறிப்பிட்ட சில இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அவர் துள்ளினார். “ஃபைப்ரோமயால்ஜியா” என்றார் டாக்டர். நரம்புகள், வலியை ஓசை கூட்டிக் கேட்கின்றன. நோயாளி பொய் சொல்லவில்லை. முழுக்கத் தீர்க்கும் மருந்தும் கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இரவில் போட ஒரு சிறு மாத்திரையை எழுதினார். அந்த மாத்திரையில் தனலட்சுமிக்கு வாய் வறண்டது. மறுநாள் மதியம்வரை தலை பாரமாக இருந்தது. பாதியாகக் குறைத்தோம். பிறகு நிறுத்தினோம். மாற்றித் தந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள், “சார், நான் வல்லக்கோட்டைல ஒரு சித்த டாக்டரம்மாவப் பாக்கறேன். இந்த மாத்திர வேணாம்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சாந்தகுமாரிடமும் சொன்னேன். “ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்” என்றார். லேகியத்தில் என்ன இருக்கிறதென்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

3. கை தட்டாத இயந்திரம்

கல்லூரி நாட்களில் நான் ஏறிய பட்டிமன்ற மேடைகளிலிருந்து வெறுங்கையோடு இறங்கியது அரிது. எடுத்துக்கொண்ட பக்கம் எதுவாயினும், எதிரணியின் முதல் வாதத்தை என் முதல் வாக்கியத்திலேயே சாய்ப்பது என் பழக்கம். அந்தப் பயிற்சியை நான் இன்றும் மதிக்கிறேன். பர்சனல் மேனேஜர் ஸ்ரீதரின் அறைக்குள் நான் நுழைந்ததும் அந்தப் பயிற்சியோடுதான்.

நின்றுகொண்டே பேசினேன். ஒரே இலை, மருத்துவர் கையில் மருந்தென்றும் தெருவோரத்தில் போதையென்றும் இரு பெயர் பெறுவதைச் சொன்னேன். அறுவை அரங்கின் கத்தியையும் அடிதடிக்காரனின் கத்தியையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது என்றேன். உரிமம் பெற்ற மருந்தைப் பையில் வைத்திருந்தமைக்காக ஒரு தொழிலாளியின் எதிர்காலத்தைப் பறிப்பது நீதியாகுமா என்று கேட்டு முடித்தேன். ஸ்ரீதர் குறுக்கிடாமல் கேட்டார். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

“நல்லா பேசுறப்பா. வெளியே பேசியிருந்தா கை தட்டியிருப்பாங்க. ஆனா அவ பக்கத்துல இருக்கிற, வயர் முனையை நசுக்கி இறுக்குற கிரிம்பிங் மெஷின் கை தட்டாது, கையை எடுத்துரும். நேத்து நைட்டு அந்தப் பொண்ணு போர்டுல நின்னுக்கிட்டே தூங்கியிருக்கா. லைன் லீடர் ரெண்டு தடவை தட்டி எழுப்பியிருக்கான். தெரியுமா?”

தெரியாது. என் உரையில் அதற்கு இடமில்லை.

“எவ்வளவு சாப்பிடுறா?”

“சுண்டைக்காய் அளவு சார். அப்படித்தான் எழுதிக் கொடுப்பாங்க.”

“எந்த சுண்டைக்காய்? எங்க வீட்டு வத்தக்குழம்புல மிதக்குற சைஸா, செடியிலேர்ந்து இப்பப் பறிச்ச சைஸா?” அவர் சிரிக்கவில்லை. “இதுதான் பிரச்சினை. உனக்கும் அளவு தெரியாது, எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இந்தக் கமிட்டியில அவ பேரை நிறுத்தி வைக்கிறேன். அடுத்த கமிட்டிக்குள்ள மூணு ஷிப்டும் முழிப்பா நிக்கிறான்னு காட்டு. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

கஞ்சா என்ற சொல்லுக்கு எதிராக வாதாடத்தான் நான் போயிருந்தேன். அவரோ அளவைக் கேட்டார். திரும்பி வரும்போது நான் மிகவும் களைத்திருந்தேன்.

4. வல்லக்கோட்டைச் சாலையில்

அந்த வாரத்தின் விடுமுறை நாளில் தனலட்சுமியும் நானும் ஷேர் ஆட்டோவில் போனோம். கிருத்திகைக் கூட்டத்தில் அது முருகன் கோயில் திருப்பத்தைத் தாண்டவே வெகுநேரமாயிற்று. சித்த மருத்துவர் பேச்சியம்மாள் என்னைவிடச் சில வயதே மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கோயிலுக்குப் போகும் சாலையில் ஓர் அறை எடுத்து மருத்துவம் பார்த்தார்.

“வாங்க சார். பட்டிமன்றத்துல பேசுதவரு நீங்கதானா? உங்க சத்தம் வாசல் கேட்டு வரைக்கும் கேக்குமாமே.”

தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்று அந்த முகத்தில் வேறு சிரிப்பு வரவில்லை.

நடந்ததைச் சொன்னேன். பேச்சியம்மாள் முதலில் நம்பவில்லை. “நின்னுக்கிட்டே தூங்குதளவுக்கு நான் குடுக்கலையே. மொதல்ல மிளகளவுதான் ஆரம்பிச்சேன். வலி கொறையலன்னு சொன்னா, பட்டாணி அளவு ஆக்குனேன். அப்பவும் கொறையலன்னா. அதுக்கப்புறந்தான் சுண்டைக்கா அளவு. படிப்படியாத்தான் ஏத்துனேன் சார், ஒரேயடியா ஏத்தல.” பிறகு தனலட்சுமியிடம் திரும்பினார். “நீ எதுக்கு டப்பாவக் கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போன?”

“நீங்கதான டாக்டரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம்னு சொன்னீங்க. நைட் ஷிப்டுல ராத்திரி சாப்பாடு கேன்டீன்லதான்.”

“கேன்டீன்ல சாப்பிட்டு, மருந்தயும் சாப்பிட்டு?”

“லைனுக்குப் பூடுவேன்.”

“லைன்னா?”

“வேலைக்கி டாக்டரு.”

பேச்சியம்மாள் பேனாவை மேசைமேல் வைத்தார். “ஏட்டி, இதத் தின்னுட்டு மெஷின் பக்கத்துல போயா நிப்ப?”

“தூங்கறதுக்கு முன்னாடின்னு நீங்க சொல்லலியே. சாப்பாட்டுக்கு அப்பறம்னுதான சொன்னீங்க?”

“ராத்திரி சாப்பிட்டா மனுசன் தூங்கத்தான செய்வான்!”

“எங்க கம்பெனில தூங்க மாட்டான் டாக்டரு.”

பின்பு பேச்சியம்மாள் தணிந்த குரலில் கேட்டார்: “நீ ஷிப்டு மாறி மாறிப் போறன்னு என்னட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லியே.”

அதன்பின் நாங்கள் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தோம். அந்த மருத்துவமனை வேலை நாட்களில், காலையில் மட்டுமே திறந்திருக்கும்; அன்று கிருத்திகை என்பதால் விடுமுறையிலும் திறந்திருந்தது. காலை ஷிப்டு வாரத்தில் தனலட்சுமியால் வர முடியாது. மாலை ஷிப்டு வாரத்தில் காலை வேளை சமையலிலும் வீட்டு வேலையிலும் போய்விடும். நைட் ஷிப்டு முடிந்த காலையில் மட்டும், கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி, அப்படியே ஆட்டோ பிடித்து வருவார். ஆகவே, மருத்துவர் அவரைப் பார்த்ததெல்லாம் உறக்கமற்ற வாரத்தின் உச்ச வலியில். தவறான நேரத்தில் உண்ட மருந்து அந்த வாரத்தில் வலியைத் தணிக்கவில்லை; விழிப்பைத்தான் கெடுத்தது. வலி குறையவில்லை என்று கேட்ட மருத்துவர் ஒவ்வொரு முறையும் அளவை உயர்த்தினார். மற்ற இரு வாரங்களின் வலியை அவர் கண்டதே இல்லை.

மருந்தின் அளவு நோயைப் பின்தொடரவில்லை. ஷிப்டு அட்டவணையைப் பின்தொடர்ந்திருக்கிறது.

5. ஏற்றமும் இறக்கமும்

அடுத்து வந்த வாரங்களைப் பற்றி எழுதச் சுவையாக எதுவுமில்லை. இந்தத் தொழிலின் பெரும்பகுதி அப்படித்தான்.

பேச்சியம்மாள் ஒரு வாரம் மருந்தை முற்றிலும் நிறுத்தினார். பிறகு மிளகளவிலிருந்து தொடங்கினார். உண்ணும் நேரம் உணவைச் சார்ந்திராமல் உறக்கத்தைச் சார்ந்திருக்கும்படி மாற்றினார்: படுப்பதற்குச் சற்று முன், அது காலையானாலும். கண்மதிப்பில் அளப்பது இனி வேண்டாம் என்று முடிவாயிற்று. மிளகளவு, பட்டாணி அளவு என்று அவர் எடுத்துக் காட்டியதை முதலுதவி அறையின் சிறு தராசில் நான் எடை போட்டேன். எடை போட்டதை மெழுகுத்தாளில் மடித்துக் கொடுத்தேன். இரு டாக்டர்களையும் தொலைபேசியில் ஒருவரோடு ஒருவர் பேசவைத்தேன். நான் நடத்திய வழக்காடல்களில் எளிதானது அதுதான்; இருவருமே களைத்திருந்ததால் எதிர்வாதம் எழவில்லை.

மிளகளவில் தலை தெளிவாக இருந்தது. வலி அப்படியே நின்றது. சற்று உயர்த்தினோம். உறக்கம் வந்தது, வலி ஒரு படி இறங்கியது. இன்னும் சற்று உயர்த்தினோம். தோள்வலி ஏறத்தாழ அடங்கிய அந்த வாரத்தில், மஞ்சள் கோடு போட்ட வயரை வெள்ளைக் கோட்டுக்குரிய துளையில் செருகினார். முழு ஹார்னஸும் ரிஜெக்ட் ஆனது.

“வலி இல்ல சார்” என்றார் என்னிடம். “ஆனா நான் எங்கியோ கீறேன், கை எங்கியோ கீது. நல்லால்ல.”

இறக்கினோம். இறக்கிய அளவு அடுத்த வாரம் போதவில்லை. மழைக்காலம் வந்தது, ஈரக்காற்றில் எல்லாக் கணக்கும் புரண்டது. நைட் ஷிப்டு வாரத்தில் பகல் உறக்கத்துக்கான அளவைத் தேடினோம். எந்த அளவும் ஒத்துவரவில்லை.

“பகல்ல எங்க சார் தூங்கறது? எங்கூர்ல மண்ணு அடிக்கறான். டிப்பர் லாரி போய்க்கினே கீது. வூட்டு சொவரு ஆடுது. நீ கொடுக்கற மருந்து தூக்கத்தக் குடுக்குது, லாரிக்காரன் புடுங்கிக்கறான்.”

பாதியில் கலைந்த உறக்கத்தின் மிச்ச மயக்கத்தோடு அவர் இரவு வேலைக்கு வந்தார். அந்த வாரம் முழுவதும் நான் அச்சத்தோடுதான் காலையில் அறையைத் திறந்தேன்.

சூப்பர்வைசர் குணசேகரனுக்கு மட்டும் உற்சாகம் குறையவில்லை. “இன்னாம்மா தனம், இன்னிக்கு லேகியம் ஃபுல் டேங்கா, ரிசர்வா?”

“ரிசர்வுதான் சார். நீ கத்துனா அதுவும் காலி.”

லைன் முழுக்கச் சிரித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே குணசேகரன், கிரிம்பிங் இயந்திரத்துக்கு அடுத்த போர்டிலிருந்து அவரைக் கடைசி போர்டுக்கு மாற்றியிருந்தார். யாரும் சொல்லாமலேயே செய்திருந்தார்.

6. கமிட்டி

அடுத்த கமிட்டிக்கு முன்தினம் ஸ்ரீதர் எங்கள் இருவரையும் அழைத்தார். இம்முறையும் நான் ஆயத்தமாகவே போனேன். காலை, மாலை ஷிப்டுகளுக்கு உரிய அளவைக் கண்டுவிட்டோம். இரவுக்கு உரிய அளவு இல்லை. ஆகவே இவரை நைட் ஷிப்டிலிருந்து விலக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கான சான்றுகள் அத்தனையும் என்னிடம் இருந்தன.

ஸ்ரீதர் பாதியிலேயே கை காட்டினார். “புரியுது. நீ சொல்றது தப்பும் இல்ல. ஆனா அசெம்பிளியில நைட் ஷிப்டு இல்லாத பர்மனென்ட் கிடையாது. இவங்களுக்குக் குடுத்தா லைன் மொத்தமும் கேக்கும். பகல் வேலை மட்டும் வேணும்னா ஸ்டோர்ஸ்ல போடுறேன். ஆனா அது கான்ட்ராக்ட்.”

கான்ட்ராக்ட் என்றால் ஆர்டர் குறைந்த மாதத்தில் முதலில் வெளியேறுகிறவர் என்று பொருள். அதை அந்த அறையில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் மீண்டும் தொடங்கினேன். தனலட்சுமி என் முழங்கைமீது ஒரு விரல் வைத்தார்.

“சார், நீ இரு. நான் ஒண்ணு சொல்லிக்கறேன்.” ஸ்ரீதரைப் பார்த்தார். “நைட்டு வாரத்துல மருந்தே வேணாம் சார். ஒரு துளிகூட எடுக்க மாட்டேன். டாக்டரம்மாவையும் கேட்டுட்டேன், நிறுத்தினா ஆபத்து இல்லன்னாங்க. மத்த ரெண்டு வாரம் இவரு எட போட்டுக் குடுத்த அளவு. நைட்டுல முழிப்பாத்தான் நிப்பேன். தூங்கிப் பாத்தீங்கன்னா அன்னிக்கே அனுப்பிடுங்க.”

“அப்ப அந்த வாரம் வலி?”

“இருக்கும் சார்.”

“தாங்குமாம்மா?”

“தாங்காது சார். பர்மனென்ட் ஆவலன்னா அதுவுந்தான் தாங்காது. இது எனக்குப் பழகுன நோவு.”

ஸ்ரீதர் என்னைப் பார்த்தார். மறுத்துச் சொல்ல ஏதேனும் உண்டா என்று கேட்கும் பார்வை. நடுவர்கள் கடைசிச் சுற்றில் அப்படித்தான் பார்ப்பார்கள். மருத்துவ நோக்கில் தனலட்சுமி கேட்டது தவறில்லை. இயந்திரங்களுக்கு நடுவே மயக்கமற்று நிற்பதே பாதுகாப்பு; அதை நானே பலமுறை வற்புறுத்தியிருக்கிறேன்.

தனலட்சுமி நிரந்தரமானார்.

இளம் மருந்தாளுநர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘இரவு’ என்று உறையின்மேல் எழுதுமுன், வாங்குகிறவரின் இரவு எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். அளவு போதவில்லை என்று அவர் சொன்னால், எந்த வாரத்தைக் கொண்டு சொல்கிறார் என்று கேளுங்கள். இதன் பின் எவருக்கும் இவற்றைக் கேட்காமல் நான் மருந்து கொடுத்ததில்லை. இவை கற்றுக்கொள்ளக் கூடியவை. ஆனால் வலிக்கும் விழிப்புக்கும் இடையே எந்தப் புள்ளியில் நிற்பது என்பதைத் தராசு சொல்லாது. வலியைக் குறைப்பதுதான் வேலை என்று எண்ணி நான் ஏற்றியும் இறக்கியும் கொண்டிருந்தேன். தனலட்சுமியோ வேலையைக் கைவிடாதிருக்கத் தேவையான அளவைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டதும், என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அந்த முடிவு சரியா என்று இரு பக்கமும் நின்று வாதிட என்னால் முடியும். செய்து பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் தோற்கிறது.

நான் அந்த வேலையை விட்டு வரும்வரை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை அந்த நைட் ஷிப்டு வாரம் வந்தது. ஷிப்டு முடிந்ததும் அவர் முதலுதவி அறைக்கு வந்து, பெஞ்சில் சுவரோடு சாய்ந்து அமர்வார். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கொடுப்பேன். பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்கும்வரை அதைத் தோளில் அழுத்திப் பிடித்திருப்பார். ஹார்ன் கேட்டதும், பாதிச் சூடு மிச்சமிருக்கும் பையை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்து, பஸ்ஸுக்குப் போவார்.